வயதான பர்பன் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பத்து வருஷமாக இருக்கிறேன். ஊருக்குக் கிளம்பும் நண்பர்கள், தீபாவளிக்கு நாலு பேரை வீட்டுக்கு அழைத்தவர்கள், சம்பள உயர்வு வந்தவர்கள் என்று யாராவது ஒருவர் கடையில் நின்றபடியே பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி பாட்டிலைப் படமெடுத்து அனுப்பி, "இந்த விலைக்கு இது தகுமா?" என்று கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். விலைகளெல்லாம் 750 மில்லி பாட்டிலுக்கு அமெரிக்கக் கடைகளில் சுமாராக இருப்பவை.

அமெரிக்க விஸ்கி எல்லாமே பர்பன்தானா?

இல்லை. பர்பனுக்குச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் தயாராக வேண்டும். தானியத்தில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும். நிறமோ சுவையோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. பீப்பாய்க்குள் போகும்போது ஆல்கஹால் 62.5%-ஐத் தாண்டக் கூடாது, பாட்டிலில் 40%-க்குக் குறையக் கூடாது. கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. பெரும்பகுதி இங்கே தயாராகிறது, அவ்வளவுதான்.

"புது பீப்பாய்" என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிப் பதில்களுக்கு அதுதான் அடிப்படை.

பர்பன் பிஸ்கட்டுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

பெயர் மட்டும்தான். பிரெஞ்சு அரச வம்சத்தின் பெயர் பிஸ்கட்டுக்கும் போனது, கென்டக்கியில் ஒரு கவுன்ட்டிக்கும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) போனது. பிஸ்கட்டில் விஸ்கி கிடையாது. குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஸ்காட்ச்ல 18 வருஷமே சாதாரணமாக் கிடைக்குது. பர்பன்ல 12 வருஷத்துக்கே ஏன் இவ்வளவு மரியாதை?

இரண்டு காரணங்கள்: பீப்பாயும் வெயிலும். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயில் ஊற வைக்கிறார்கள். அந்த மரத்தின் சாறு பாதி முன்பே இறங்கியிருக்கும். பர்பனுக்கோ ஒவ்வொரு முறையும் புது மரம். தீயில் கருகிய ஓக்கிலிருந்து வெனிலா வாசமும், கருக்கிய சர்க்கரை இனிப்பும், கூடவே துவர்ப்பும் வேகமாக இறங்கும். (பர்பன் காலி செய்த பீப்பாய்கள் வீணாவதில்லை. ஸ்காட்லாந்துக்கும் போகின்றன, பெங்களூரு அம்ருத் போன்ற ஆலைகளுக்கும் போகின்றன.)

அப்புறம் இங்கத்துக் கோடை. பீப்பாய்களை அடுக்கும் கட்டடத்தை ரிக்ஹவுஸ் என்பார்கள். மரச் சட்டங்களில் ஏழு மாடி உயரத்துக்கு பீப்பாய்கள் படுத்திருக்கும். ஜூலையில் ஒருமுறை அப்படி ஒன்றில் ஏறினேன். கீழ்த்தளத்தில் மண் தரையின் குளிர்ச்சி காலில் பட்டது. மேலே போகப் போக ஓட்டு வீட்டுப் பரண் மாதிரி அனல், அதில் ஈர மரமும் வெல்லப்பாகும் கலந்த வாசம். அந்தச் சூட்டில் சரக்கு விரிந்து மரத்துக்குள் புகும், குளிர்காலத்தில் சுருங்கி வெளியே வரும். போகவரப் போகவர மரச்சாறு ஏறும். அதனால்தான் 12 வருஷ பர்பன் நல்ல வயசாளி. அதன் எண்ணை ஸ்காட்ச் எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

லேபிள்ல 10 வருஷம்னு போட்டிருந்தா உள்ள இருக்கறது முழுக்க 10 வருஷமா?

உள்ளே கலந்திருப்பதிலேயே இளையதன் வயதைத்தான் போட வேண்டும். ஆகவே 10 என்றால் எல்லாமே குறைந்தது 10. சில பீப்பாய்கள் 11, 12-ஆகவும் இருக்கலாம்.

எண்ணே இல்லையென்றால்? நான்கு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் வயதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம். எனவே எண் இல்லாத பர்பன் குறைந்தது நான்கு வருஷம் ஊறியது என்று எடுத்துக்கொள்ளலாம். வயது மாதக் கணக்கில் சின்ன எழுத்தில் இருந்தால் அதையும் படியுங்கள். "36 மாதங்கள்" என்பது மூன்றே வருஷம்தான். அதற்கு 60 டாலர் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வயசு கூடக் கூட ருசியும் கூடும்தானே?

இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். ஒரு கட்டம் வரை கூடும், அதற்கப்புறம் மாறும், பிறகு கெடவும் செய்யும். டீயைக் கொதிக்க விடுவது போலத்தான். சரியான நேரத்தில் இறக்கினால் நிறமும் மணமும் சேர்ந்து வரும். அடுப்பிலேயே மறந்துவிட்டால் நாக்கில் துவர்ப்புதான் ஒட்டும். புது ஓக்கில் பதினைந்து வருஷம் தாண்டும் பல பீப்பாய்களுக்கு அந்த நிலைதான். மக்காச்சோளத்தின் இனிப்பு அடங்கி, பழைய மர அலமாரியைத் திறந்த வாசமும் கஷாயக் கசப்பும் மேலே வந்துவிடும். அந்தச் சுவையையே விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரியாமல் 200 டாலர் போடாதீர்கள். நான் போட்டேன். ஒரு சின்ன நிறுவனத்தின் 16 வருஷ பாட்டில். முதல் வாயிலேயே கடுக்காய் கடித்தது போல நாக்கு இழுத்துக்கொண்டது. நண்பர்கள் யாரும் இரண்டாவது முறை ஊற்றிக்கொள்ளவில்லை.

உங்கள் நாக்கு எந்த வயதை விரும்புகிறது என்று கண்டுபிடிக்க நாப் கிரீக் என்ற பிராண்டு நல்ல வழி. 9, 12, 15 வருஷ பாட்டில்கள் ஒரே ஆலையிலிருந்து, மூன்றும் ஒரே 50% ஆல்கஹாலில் வருகின்றன. பாட்டில் வாங்க வேண்டியதில்லை. ஒரு நல்ல பாரில் மூன்றையும் சின்னச் சின்ன அளவில் ஊற்றச் சொல்லி அடுத்தடுத்துக் குடித்துப் பாருங்கள். எனக்கு 9-லிருந்து 12-க்குப் போகும்போது கிடைத்த சந்தோஷம் 12-லிருந்து 15-க்குக் கிடைக்கவில்லை. விலை மட்டும் ஏறியது.

வயசான சரக்கு விலை இவ்வளவு ஏறுறதுக்கு நியாயமான காரணம் இருக்கா, இல்ல சும்மா ஏத்துறாங்களா?

பாதி நியாயம் இருக்கிறது. ஒரு பீப்பாய் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். ஒவ்வொரு வருஷமும் அதில் கொஞ்சம் ஆவியாகிப் போகும். இங்கே அதை ஏஞ்சல்ஸ் ஷேர், அதாவது தேவதைகளின் பங்கு, என்கிறார்கள். வருஷத்துக்கு 4% என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 12 வருஷத்தில் 123 லிட்டர் மிஞ்சும். 15 வருஷத்தில் 108. 23 வருஷத்தில் 78 லிட்டர்தான். அவ்வளவு காலம் இடம் அடைத்துக்கொண்டிருக்கும், காசும் முடங்கியிருக்கும். கென்டக்கியில் ஊறும் பீப்பாய்களுக்கு வருஷா வருஷம் சொத்து வரியும் கட்டி வந்தார்கள். 2023-ல் வந்த சட்டத்தின்படி அதை 2026 முதல் படிப்படியாகக் குறைத்து 2043-க்குள் நீக்கப் போகிறார்கள்.

ஆக, 10 வருஷ பாட்டிலை விட 20 வருஷ பாட்டில் இரண்டு மூன்று மடங்கு விலை என்றால் அதில் நியாயம் உண்டு. முப்பது மடங்கு என்றால் அதற்கும் பீப்பாய்க்கும் சம்பந்தமில்லை. அது அரிதாகக் கிடைப்பதற்குக் கொடுக்கும் விலை.

நேராவே கேக்கறேன். 50 டாலருக்குள்ள எது வாங்கலாம்?

நாப் கிரீக் 9 வருஷம். ஈகிள் ரேர் 10 வருஷம், நியாய விலைக்குக் கிடைத்தால். ரஸ்ஸல்ஸ் ரிசர்வ் 10 வருஷம். மூன்றும் 35 முதல் 45 டாலருக்குள் கிடைக்க வேண்டியவை. ஈகிள் ரேர் மென்மை, 45%. ரஸ்ஸல்ஸ் ரிசர்வும் 45%தான், ஆனால் பட்டை, கிராம்பு வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். வைல்ட் டர்க்கி ஆலையில் 1954 முதல் வேலை பார்க்கும் ஜிம்மி ரஸ்ஸல், அவர் மகன் எடி ரஸ்ஸல் இருவரின் பெயரில் வருவது அது. நாப் கிரீக்கில் மரமும் காரமும் முன்னால் நிற்கும்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் 70 டாலர் பக்கத்தில் நாப் கிரீக் 12. என் கையில் இன்று காசு கொடுத்து ஒரே ஒரு பாட்டில் வாங்கச் சொன்னால் அதைத்தான் எடுப்பேன்.

ப்ரூஃப்னு போட்டிருக்கே, அது என்ன? அதிகம் இருந்தா நல்லதா?

ப்ரூஃபைப் பாதியாக்கினால் ஆல்கஹால் சதவீதம். 90 ப்ரூஃப் என்றால் 45%. பீப்பாயிலிருந்து எடுத்ததைத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே அடைத்தால் பேரல் ப்ரூஃப் என்று எழுதுவார்கள். பெரும்பாலும் 55-லிருந்து 65% வரை இருக்கும்.

விலையை எடைபோடும்போது இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 62% உள்ள 750 மில்லியை நீங்களே தண்ணீர் விட்டு 45%-க்குக் கொண்டுவந்தால் ஒரு லிட்டருக்கு மேல் கிடைக்கும். அதாவது 70 டாலர் பேரல் ப்ரூஃப் பாட்டில், 45% கணக்கில் பார்த்தால், ஒரு சாதாரண பாட்டிலுக்கு 50 டாலர் சொச்சம்தான். எலைஜா கிரெய்க் என்ற பிராண்டின் பேரல் ப்ரூஃபை நான் அடிக்கடி பரிந்துரைப்பது இதனால்தான். தண்ணீர் எவ்வளவு என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். ஆனால் பழக்கமில்லாதவர் அப்படியே ஊற்றிக் குடிக்கக் கூடாது. வாயும் எரியும், அளவும் தெரியாமல் ஏறிவிடும்.

ஸ்மால் பேட்ச், சிங்கிள் பேரல், பாட்டில்ட் இன் பாண்ட்... இதுல எதை நம்பலாம்?

பாட்டில்ட் இன் பாண்டை முழுதாக நம்பலாம். விஸ்கியில் புகையிலையும் சாயமும் கலந்து விற்ற காலத்தில், 1897-ல் வந்த சட்டம் அது. ஒரே ஆலை, ஒரே பருவத்தில் வடித்தது, குறைந்தது நான்கு வருஷம் அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் ஊறியது, சரியாக 50% ஆல்கஹால். எங்கே வடித்தது என்ற ஆலை எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். டிஎஸ்பி-கேஒய்-1 என்று பார்த்தால் அது லூயிவில்லில் உள்ள ஹெவன் ஹில் ஆலை.

சிங்கிள் பேரல் என்றால் ஒரே பீப்பாயிலிருந்து வந்தது. அதனால் ஒவ்வொரு பாட்டிலும் கொஞ்சம் மாறும். போன முறை பிடித்தது இந்த முறையும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஸ்மால் பேட்ச் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் அளவே கிடையாது. பத்து பீப்பாயும் ஸ்மால், ஐந்நூறும் ஸ்மால். அந்த வார்த்தைக்காக ஒரு டாலர் கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

புதுசா ஒரு கம்பெனி, ஆரம்பிச்சே மூணு வருஷம்தான் ஆகுது. 12 வருஷ பர்பன் விக்கறாங்க. அது எப்படி?

வேறு ஆலையில் வாங்கி அடைக்கிறார்கள். அது தப்பில்லை, மறைத்தால்தான் தப்பு. பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். "டிஸ்டில்ட் பை" என்று அவர்கள் பெயர் இருந்தால் அவர்கள் வடித்தது. "பாட்டில்ட் பை" அல்லது "ப்ரொட்யூஸ்ட் பை" மட்டும் இருந்தால் வாங்கியதாக இருக்கலாம். வேறு மாநிலத்தில் வடித்திருந்தால் அந்த மாநிலத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

பெரும்பாலும் "டிஸ்டில்ட் இன் இண்டியானா" என்று வரும். லாரன்ஸ்பர்க் என்ற ஊரில் உள்ள எம்ஜிபி என்ற பெரிய ஆலை அது. நல்ல சரக்குதான், எத்தனையோ பிராண்டுகளுக்கு அங்கிருந்துதான் போகிறது. ஒரு குழப்பம் மட்டும் உண்டு. கென்டக்கியிலும் ஒரு லாரன்ஸ்பர்க் இருக்கிறது. வைல்ட் டர்க்கியும் ஃபோர் ரோஸஸும் அங்கேதான். ஊர் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மாநிலத்தையும் பாருங்கள். ஒரே எம்ஜிபி சரக்கை ஒருவர் 55-க்கும் இன்னொருவர் கனமான கண்ணாடி பாட்டிலில் 140-க்கும் விற்கலாம். கூடுதல் 85 டாலர் பாட்டிலின் அழகுக்குப் போகிறது.

முன்னாடி 12 வருஷம்னு இருந்த பாட்டில்ல இப்ப அந்த எண்ணையே காணோம். ஏமாத்தறாங்களா?

தட்டுப்பாடு வந்தபோது பல ஆலைகள் அப்படிச் செய்தன. எலைஜா கிரெய்க் ஸ்மால் பேட்ச் 2016-ல் 12-ஐ எடுத்துவிட்டு, 8 முதல் 12 வருஷ பீப்பாய்களைக் கலக்க ஆரம்பித்தது. நாப் கிரீக்கும் அதே வருஷம் 9-ஐ எடுத்தது, ஆனால் 2020-ல் திரும்பப் போட்டுவிட்டது. அதை நான் மதிக்கிறேன். எண்ணை எடுப்பது சட்டப்படி தவறில்லை. ஆனால் எண் போன பிறகும் பழைய விலையோ அதிக விலையோ கேட்டால், வயதுக்காகக் கொடுக்கிறோம் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

எலைஜா கிரெய்க் பேரல் ப்ரூஃபும் 2023 முதல் நிலையான 12 வருஷத்தை விட்டுவிட்டது. ஒவ்வொரு வெளியீட்டிலும் அதன் வயது அச்சாகிறது. லேபிளில் ஏ, பி, சி என்ற எழுத்தும் பக்கத்தில் எண்களும் இருக்கும். எழுத்து அந்த வருஷத்தின் எத்தனையாவது வெளியீடு என்பது, அடுத்து மாதம், கடைசி இரண்டும் வருஷம். கடைக்காரரிடம் கேட்காமலேயே நீங்கள் படித்துக்கொள்ளலாம்.

பாப்பி வான் விங்கிள் அவ்வளவு ஒசத்தியா? 2,000 டாலர் சொல்றாங்க.

நல்ல பர்பன். ரை தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்த்தது என்பதால் மென்மையாக இருக்கும், அதிக வயதையும் ஓரளவு தாங்கும். இப்போது பஃபலோ ட்ரேஸ் ஆலையில் தயாராகிறது. ஆனால் நிறுவனம் சொல்லும் விலை அந்த இரண்டாயிரத்தில் ஒரு சின்னப் பங்குதான். மிச்சமெல்லாம் கைமாறிக் கைமாறி ஏறியது. கடைகள் நடத்தும் குலுக்கலில் நிறுவன விலைக்கு விழுந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். 2,000 கொடுத்து வாங்காதீர்கள். அதே ஆலையில் அதே கோதுமை வகையில் வெல்லர் 12 இருக்கிறது. அதுவும் நியாய விலையில் மட்டும்.

நியாய விலை நியாய விலைன்னு சொல்றீங்க. அது எவ்வளவுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நம்ம ஊர் டாஸ்மாக் போல அரசே மது விற்பனையைக் கையில் வைத்திருக்கும் மாநிலங்கள் அமெரிக்காவிலும் உண்டு. பென்சில்வேனியா, வர்ஜீனியா, ஒஹாயோ, வடக்கு கரோலினா. அங்கே விலைப்பட்டியல் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும், கடைக்காரர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. நீங்கள் டெக்சாஸில் இருந்தாலும் வர்ஜீனியாவின் பட்டியலில் அந்த பாட்டில் என்ன விலை என்று பாருங்கள். அதற்கு மேல் 20% வரை சரி என்று விடுவேன். இரண்டு மடங்கு என்றால் பாட்டிலை அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

தங்கப் பதக்கம் வாங்கினதுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. வாங்கலாமா?

ஹென்றி மெக்கென்னா 10 வருஷ பாட்டில்ட் இன் பாண்ட் 2019-ல் சான் பிரான்சிஸ்கோ போட்டியில் விஸ்கிகளிலேயே சிறந்தது என்ற பரிசை வாங்கியது. அதற்கு முன் 30, 35 டாலருக்கு எந்தக் கடையிலும் கேட்பாரற்று இருந்தது. பரிசுக்குப் பிறகு அலமாரியில் காணோம், விலையும் ஏறிவிட்டது. உள்ளே இருந்த சரக்கு அதேதான். அதுவும் சிங்கிள் பேரல், ஒன்று போல இன்னொன்று இருக்காது என்று மேலே சொன்னேனே. நடுவர் குடித்த பீப்பாய் உங்கள் கைக்கு வருவதில்லை.

ஃபேஸ்புக்ல ஒருத்தர் பழைய பாட்டில் விக்கறார். வாங்கலாமா?

வேண்டாம். உரிமம் இல்லாமல் தனியாள் மது விற்பது பெரும்பாலான மாநிலங்களில் சட்டவிரோதம். அதைவிடப் பெரிய பயம் போலி. விலையுயர்ந்த காலி பாட்டில்களை வாங்கி, மலிவான சரக்கை நிரப்பி, மூடி மேல் உறையைச் சுருக்கி ஒட்டி விற்கிறார்கள். பழைய பாட்டிலில் ஆசை இருந்தால் கென்டக்கிக்கு வாருங்கள். 2018 முதல் உரிமம் உள்ள கடைகள் தனியாரிடமிருந்து பழைய பாட்டில்களை வாங்கி விற்க இங்கே சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் வீட்டில் அரிய பாட்டில் காலியானால் லேபிளைக் கிழித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

ஊருக்கு எத்தனை பாட்டில் எடுத்துட்டுப் போகலாம்?

இந்தியாவுக்கு வரியில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் சரி. மூன்று வைத்தால் 2.25 லிட்டர் ஆகி மாட்டிக்கொள்வீர்கள். பிரிக்காத பாட்டிலாக, துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியில் வையுங்கள். 70%-க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் விமானத்திலேயே ஏற்ற முடியாது. பர்பனில் அவ்வளவு வருமா என்று கேட்பீர்கள். வரும். ரிக்ஹவுஸின் மேல்மாடிச் சூட்டில் ஆல்கஹாலை விடத் தண்ணீர் வேகமாகப் போய்விடுவதால் சதவீதம் ஏறும். ஜார்ஜ் டி. ஸ்டாக் என்ற பர்பன் சில ஆண்டுகளில் 70-ஐத் தாண்டியிருக்கிறது.

ஊரிலேயே வாங்கலாமே என்பவர்களுக்கு: 2025 பிப்ரவரியில் இந்தியா பர்பனுக்கான இறக்குமதி வரியை 150%-லிருந்து 100%-ஆகக் குறைத்தது. அப்படியும் இங்கிருந்து கொண்டு போவதுதான் இன்றைக்கு லாபம்.

மாமனாருக்குக் கொடுக்கணும். அவர் ஸ்காட்ச் குடிக்கறவர், சோடா ஊத்தித்தான் குடிப்பார்.

அப்படியென்றால் 15 வருஷ பாட்டில் வாங்கிப் போகாதீர்கள். சோடாவில் அந்த வயசெல்லாம் கரைந்து, மரக் கசப்பு மட்டும் நிற்கும். வைல்ட் டர்க்கி 101 வாங்குங்கள். 50.5%, சுமார் 25 டாலர், வயது எண் இல்லை, ஆனால் சோடாவும் ஐஸும் சேர்ந்தாலும் ருசி தண்ணீராகாது. கூடவே ஒரு ஈகிள் ரேர் 10 வைத்து, "மாமா, இதை மட்டும் கலக்காம ஒரு வாய் பாருங்க" என்று சொல்லிக் கொடுங்கள். கணக்கு 2 லிட்டருக்குள் முடியும்.

வயசான சரக்கு உடம்புக்கு அவ்வளவு கெடுதல் இல்லைன்னு சொல்றாங்களே?

ஆல்கஹால் ஆல்கஹால்தான். பீப்பாயில் எத்தனை வருஷம் இருந்தாலும் கல்லீரலுக்கு வித்தியாசம் தெரியாது. மருத்துவர் வேண்டாம் என்று சொன்னவருக்கு இந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை.

வாங்கி பத்து வருஷம் வெச்சா இன்னும் பத்து வயசு கூடுமா?

கூடாது. மரத்தை விட்டு வெளியே வந்த நாளோடு வயது நின்றுவிடும். 12 வருஷ பாட்டிலை உங்கள் மகள் கல்யாணம் வரை வைத்தாலும் அது 12-தான். வைப்பதென்றால் நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்து, திறக்கும்போது பொடியாக உதிரும்.

திறந்தேன், எனக்குப் பிடிக்கல. 70 டாலர் போச்சா?

அவசரப்படாதீர்கள். புதிதாகத் திறந்த பேரல் ப்ரூஃப் முதல் நாள் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு பெக் எடுத்துவிட்டு மூடி இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள், காற்று பட்டுக் காரம் கொஞ்சம் தணியும். அடுத்த முறை டம்ளரில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டு ஐந்து நிமிஷம் வையுங்கள். அப்போதும் துவர்ப்புதான் முன்னால் நின்றால் அது அதிக மரம் ஏறிய பாட்டில், மேலே சொன்ன டீக் கதை. ஐஸ், கொஞ்சம் சர்க்கரைப் பாகு, ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு போட்டுக் காலி செய்யலாம். கால் பாட்டிலுக்குக் கீழே இறங்கிவிட்டால் மட்டும் மாதக் கணக்கில் வைக்க வேண்டாம். மிச்சத்தைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றி இறுக்கி மூடுங்கள்.